முகமூடியா, முகமா? கியூபாவின் சந்தேரியாவும் கத்தோலிக்கச் சொரூபங்களும்

சந்தேரியாவைப் பற்றி எங்க வாசிச்சாலும் முதல் பந்தியிலேயே ஒரு கதை வரும். கியூபாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களுக்குத் தங்கள் தெய்வங்களைக் கும்பிட அனுமதி இல்லை. அதனால் அவர்கள் கத்தோலிக்கப் புனிதர்களின் சொரூபங்களுக்கு முன்னால் முழங்காலில் நின்று, மனதுக்குள் தங்கள் தெய்வங்களைக் கும்பிட்டார்கள். எசமான் ஏமாந்து போனான்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. பலமில்லாதவன் பலசாலியைப் பேய்க்காட்டின கதை ஆருக்குத்தான் பிடிக்காது? ஆனால் கொஞ்சம் நிண்டு யோசிச்சால் ஒரு கேள்வி இடிக்குது. கியூபாவில் அடிமை முறை 1886இல் சட்டப்படி ஒழிந்தது. அப்படியெண்டால் எசமானோட சேர்ந்து அந்தச் சொரூபங்களும் போயிருக்க வேணும்தானே? போகவில்லை. இன்றைக்கும் ஹவானாவிலும் மத்தான்சாஸிலும் மயாமியிலும் நியூயோர்க்கிலும் சந்தேரியா வீடுகளின் முன்கூடத்தில் சிவப்புப் போர்வையோடு புனித பார்பரா நிற்கிறாள். ஊன்றுகோலும் நாய்களுமாகப் புனித லாசர் நிற்கிறார். பார்க்க ஆளில்லாத இடத்தில் ஆரும் முகமூடி போடுறேல்லை.

இந்தச் சமயத்தின் பெயரே சொரூபத்தோடு ஒட்டினது. ஸ்பானிய மொழியில் 'சந்தோ' என்றால் புனிதர். அவருடைய சொரூபத்துக்கும் அதே சொல்தான். சொரூபம் செய்பவரை, விற்பவரை, பராமரிப்பவரை 'சந்தேரோ' என்பார்கள். புனிதர்களை அளவுக்கு மிஞ்சிப் பிடித்துக்கொண்டு திரிகிற கூட்டம் என்ற நக்கலோடு வெளியாட்கள் வைத்த பெயர்தான் சந்தேரியா. உள்ளே இருப்பவர்கள் இதை 'ரெக்லா தே ஒச்சா' என்றோ 'லுக்குமி' என்றோ சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் நாங்கள் கேட்கப் போவது ஒரே ஒரு கேள்வி. அந்தச் சொரூபம் அந்த மக்களுக்கு உண்மையில் என்னவாக இருந்தது?

சீனியும் கப்பலும்

முதல்ல ஆட்கள் எப்பிடி வந்து சேர்ந்தினம் எண்டதைப் பார்ப்பம். 1791இல் பிரான்சின் குடியேற்றமாக இருந்த சென் தொமிங்கில், அதாவது இன்றைய ஹெயிட்டியில், அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தக் காலத்தில் உலகச் சந்தைக்கு அதிகம் சீனி கொடுத்த இடம் அது. அங்கே கரும்புத் தோட்டங்கள் எரியத் தொடங்கியதும் அந்தச் சந்தையைப் பிடிக்கப் பக்கத்துத் தீவான கியூபாவின் தோட்ட முதலாளிகள் பாய்ந்தார்கள். சீனி ஆலை பெருகப் பெருக அடிமைக் கப்பலும் பெருகியது. மொத்தமாக ஏழரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆபிரிக்கர்கள் கியூபாவில் இறக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் 1790க்குப் பிறகு வந்தவர்கள். 1820இலிருந்து அடிமை வியாபாரத்தை நிறுத்துவதாக ஸ்பெயின் 1817இல் பிரித்தானியாவோடு ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தம் கடதாசியில் இருந்தது, கப்பல்கள் 1860கள் வரை வந்துகொண்டே இருந்தன. 1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் தீவின் பத்து இலட்சத்துச் சொச்சம் பேரில் 436,495 பேர் அடிமைகள்.

இதே காலத்தில் மேற்கு ஆபிரிக்காவில் ஒயோ என்ற பேரரசு உடைந்து சிதறிக்கொண்டிருந்தது. இன்றைய நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதியும் பெனின் நாட்டின் ஒரு பகுதியும் யொருபா மொழி பேசும் மக்களின் நிலம். அங்கு நடந்த போர்களில் பிடிபட்டவர்கள் கரைக்குக் கொண்டுவரப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். கியூபாவில் அவர்களை 'லுக்குமி' என்றார்கள். அவர்களோடு அவர்களின் தெய்வங்களான ஒரிஷாக்களும் வந்தன. சொந்த மண்ணில் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு ஒரிஷா முக்கியம். இடி மின்னலின் தெய்வமான சாங்கோ ஒயோ அரச குடும்பத்தின் தெய்வம். ஒச்சூன் ஒசொக்போ ஊர் ஆற்றின் தெய்வம். கியூபாவில் ஊர்கள் இல்லை. ஊர்களை இழந்த ஆட்கள் மட்டும்தான். அதனால் தனித்தனியாக இருந்த தெய்வங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன. ஆக, கத்தோலிக்கச் சொரூபத்தைத் தொடுவதற்கு முதலே இந்தச் சமயம் மாறத் தொடங்கிவிட்டது.

ஸ்பானிய சட்டப்படி ஒவ்வொரு அடிமைக்கும் திருமுழுக்குக் கொடுத்து மறைக்கல்வி புகட்ட வேண்டியது எசமானின் கடமை. 1842இன் அடிமைகள் ஒழுங்குவிதிகளும் இதை மறுபடி வலியுறுத்தின. தோட்டங்களில் பெரும்பாலும் அது பெயருக்குத்தான் நடந்தது. தலையில் தண்ணீர், ஒரு ஸ்பானியப் பெயர், பிறகு கரும்புக் காடு. சந்தேரியா வளர்ந்தது அங்கே என்பதைவிட ஹவானா, மத்தான்சாஸ் போன்ற நகரங்களில்தான். அதற்குக் காரணம் கபில்தோ.

சொரூபம் என்ற அனுமதிப்பத்திரம்

கபில்தோ என்பது ஒரே இனக்குழுவைச் சேர்ந்த ஆபிரிக்கர்கள் கூடிய சங்கம். ஸ்பெயினின் செவில் நகரில் இருந்த சமயச் சபைகளின் வழியில் வந்தது. லுக்குமி, கொங்கோ, அராரா, கரபாலி என்று ஒவ்வொரு 'தேசத்துக்கும்' தனித்தனிக் கபில்தோ இருந்தது. நோயாளிக்குக் காசு சேர்ப்பது, செத்தவரை மரியாதையாக அடக்கம் செய்வது, அடிமையாக இருப்பவரின் விடுதலையை விலை கொடுத்து வாங்குவது, பெருநாளில் மேளம் அடித்து ஆடுவது, எல்லாமே அங்கேதான்.

இப்பிடி ஒரு சங்கத்தை அரசு ஏன் விட்டு வைத்தது? ஆபிரிக்கர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்வதைவிடக் குழுக்குழுவாகப் பிரிந்து கிடப்பது ஆளுகிறவனுக்கு வசதி. அதோடு, கபில்தோ திருச்சபையின் நிழலில் இயங்க வேண்டும். ஒரு பாதுகாவல் புனிதர், அவருக்கு ஒரு சொரூபம், ஒரு கொடி. 1755இல் கியூபாவின் ஆயர் பேத்ரோ அகுஸ்தின் மொரெல் தெ சாந்தா குரூஸ் ஹவானா நகரில் 21 கபில்தோக்கள் இருப்பதாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குருவையும் ஒரு மாதா சொரூபத்தையும் ஒதுக்கிக் கொடுத்தார். ஆட்டத்தைத் தடுக்க முடியாது, மெல்ல மெல்லத் திருத்தலாம் என்பது அவருடைய எண்ணம்.

இந்த இடத்தை நாங்கள் கவனமாப் பார்க்க வேணும். 'எசமான் ஏமாந்தான்' என்ற கதை இங்கே நிற்காது. ஆயருக்குத் தெரியும், ஆளுநருக்குத் தெரியும், தெருவில் போகிறவனுக்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் ஜனவரி 6ஆம் திகதி, மூன்று இராசாக்கள் திருநாளில், கபில்தோக்கள் தங்கள் இராசா, இராணி, கொடி, மேளத்தோடு ஹவானா வீதிகளில் பட்டப்பகலில் ஆடிக்கொண்டு போவார்கள். ஒளிக்க அங்கே என்ன இருந்தது? சொரூபம் அந்த நேரத்தில் செய்த வேலை ஒளிப்பிடத்தின் வேலை இல்லை. அது ஒரு அனுமதிப்பத்திரம். அதைக் காட்டினால் கூடலாம், காசு சேர்க்கலாம், ஆடலாம், திட்டமும் போடலாம். 1812இல் அடிமை முறைக்கு எதிராக ஒரு பெரிய சதி அம்பலமானபோது, அதன் தலைவர் என்று தூக்கிலிடப்பட்ட ஹோசே அந்தோனியோ அபோந்தே சுதந்திரமான ஒரு கறுப்பினத்தவர், தச்சர், மரச்சிற்பி. கறுப்பு அரசர்களும் வீரர்களும் நிறைந்த அவருடைய சித்திரப் புத்தகம் ஒன்றை விசாரணையில் பக்கம் பக்கமாகக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். அவரது தலையை வெட்டிக் கூண்டில் வைத்து ஊருக்குக் காட்டினார்கள். படங்களின் பலம் என்ன எண்டது இரண்டு பக்கத்துக்கும் விளங்கியிருந்தது.

அடிமை முறை முடியும் தறுவாயில் அரசு இறுக்கத் தொடங்கியது. 1884இல் கபில்தோக்களின் ஜனவரி 6 ஊர்வலம் தடை செய்யப்பட்டது. 1888இல் பழைய முறைக் கபில்தோக்களுக்கு அனுமதி கொடுப்பது நிறுத்தப்பட்டது. சங்கம் கலையக் கலைய மேளமும் சொரூபமும் வீடுகளுக்குள் போயின. வீட்டையே கோயிலாகக் கொண்ட இன்றைய சந்தேரியா அப்படித்தான் உருவெடுத்தது.

படத்தை வாசித்தவர்கள்

சரி, எந்தப் புனிதருக்கு எந்த ஒரிஷா எண்டதை ஆர் முடிவெடுத்தது? யாரும் கூட்டம் வைத்து முடிவெடுக்கவில்லை. சொரூபத்தைப் பார்த்தவர்கள் அதை வாசித்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் சொரூபமே புத்தகம் என்று திருச்சபையே பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்தது. அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இலக்கணம் மட்டும் அவர்களுடையது.

புனித பார்பராவைப் பாருங்கள். கையில் வாள், பக்கத்தில் கோபுரம், தோளில் சிவப்புப் போர்வை. கிறிஸ்தவராக மாறியதற்காக அவளை அவளது தகப்பனே வெட்டிக் கொன்றதாகவும், அடுத்த கணமே மின்னல் விழுந்து அவன் எரிந்ததாகவும் கதை. அதனால்தான் இடி மின்னலுக்கும் பீரங்கிப் படைக்கும் அவள் பாதுகாவலி. யொருபாக் கண்ணோடு பார்த்தால் சிவப்பு, ஆயுதம், கோட்டை, மின்னல் எல்லாம் சாங்கோவின் அடையாளம். சாங்கோ ஆண், அதுவும் பெண்களின் பின்னால் திரிகிற வீரன். பார்பராவோ கன்னிப்பெண். இது எப்பிடிப் பொருந்தும்? சந்தேரியாவில் சாங்கோ பற்றி ஒரு கதை உண்டு. எதிரிகள் சூழ்ந்துகொண்டபோது அவன் ஒயாவின் உடுப்பைப் போட்டு, அவளது பின்னலை வைத்து, பெண்ணாக நடந்து தப்பினான் என்று.

கதையை விடுங்கோ, யொருபா நிலத்திலேயே இன்னும் சுவாரசியமான ஒரு விசயம் இருக்கு. அங்கே சாங்கோ வழிபாட்டில் கையில் பிடித்து ஆடும் மரக்கோலில் பெரும்பாலும் செதுக்கியிருப்பது ஒரு பெண் உருவம். தலையில் சாங்கோவின் இரட்டைக் கோடரியைச் சுமந்தபடி இருப்பாள். அவள் சாங்கோ இல்லை, சாங்கோவின் அடியாள். ஆண் பூசாரிகளும் பெண்களைப் போலத் தலை பின்னிக்கொள்வார்கள், ஏனென்றால் தெய்வத்துக்கு அவர்கள் 'மனைவி'. சாங்கோவின் சக்தியைத் தாங்கி நிற்கும் பெண்ணுருவம் அந்த மக்களுக்குப் புதிதல்ல.

லாசர் கதை வேறு மாதிரி. விவிலியத்தில் இரண்டு லாசர் வருகிறார்கள். ஒருவர் இயேசு உயிர்ப்பித்த பெத்தானியா லாசர். பிறகு ஆயரானார் என்று மரபு சொல்லும். மற்றவர் லூக்கா நற்செய்தியின் உவமையில் வரும் ஏழை; உடம்பு முழுக்கப் புண், நாய்கள் வந்து நக்கும். திருச்சபை புனிதராகக் கொண்டாடுவது முதலாமவரை. கியூப மக்கள் பிடித்துக்கொண்டது இரண்டாமவரை. காரணம், அம்மை நோயின் ஒரிஷாவான பாபாலு அய்யே. நோயைத் தருபவரும் அவர், மாற்றுபவரும் அவர். புண்ணோடு, ஊன்றுகோலோடு நடப்பவர்.

ஹவானாத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் ரெக்லா என்ற இடத்தில் ஒரு மாதா கோயில். அங்கே மாதா கறுப்பு நிறம், கையில் வெள்ளைக் குழந்தை. ஸ்பெயினின் சிப்பியோனா ஊரில் உள்ள மாதாவின் வழியில் வந்தவள். அந்த மூலச் சொரூபமே ஆபிரிக்காவில், புனித அகுஸ்தீனாரின் காலத்தில் செய்யப்பட்டது என்று ஐதீகம். கடலோரம், கறுப்பு முகம், நீல உடுப்பு, தாய். கடலின் தாயான யெமாயாவை மக்கள் அங்கே கண்டதில் என்ன ஆச்சரியம்?

இந்த வாசிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்பதும் முக்கியம். பிரேசிலிலும் யொருபா மக்கள் இருந்தார்கள், அதே புனிதர்கள் இருந்தார்கள். ஆனால் அங்கே சாங்கோ புனித ஜெரோம், பார்பரா ஒயாவுக்குரியவள். கியூபாவில் இரும்பின் தெய்வமான ஒகூன் புனித பேதுரு, கையில் திறப்புகள் இருப்பதால். ரியோ டி ஜெனீரோவில் அதே ஒகூன் குதிரையில் வரும் புனித ஜோர்ஜ். ஒவ்வொரு ஊரும் தன் முன்னால் இருந்த சொரூபத்தைத் தானே பார்த்து, தானே முடிவெடுத்தது.

கல்லும் சொரூபமும்

இப்ப ஒரு சந்தேரியா வீட்டுக்குள்ள போவம். முன்கூடத்தில் பார்பராவின் பெரிய சொரூபம், பூ, மெழுகுதிரி. இதைப் பார்த்துவிட்டு 'இதுதான் இவர்களின் சாமி' என்று நினைப்பவர்கள் பிழையான இடத்தைப் பார்க்கிறார்கள். ஒரிஷா இருப்பது கல்லில். ஆற்றிலும் கடலோரத்திலும் வழியிலும் தேடி எடுத்து, மூலிகைத் தண்ணீரில் கழுவி, சடங்கால் உயிரேற்றிய கற்கள். ஒச்சூன், யெமாயா போன்றோரின் கற்கள் மூடியுள்ள பீங்கான் சூப்புப் பாத்திரத்தில், ஐரோப்பியர் சாப்பாட்டு மேசையில் வைக்கும் அதே பாத்திரத்தில், அலுமாரிக்குள் இருக்கும். சாங்கோவின் கற்களுக்கு மரப் பாத்திரம். வழிகளைத் திறக்கும் எலெகுவா, சோழிக் கண் வைத்த சீமெந்துத் தலையாகக் கதவடியில் இருப்பார். பலி கொடுப்பது இவற்றுக்குத்தான். சொரூபத்துக்கு இரத்தம் ஊற்றுவதில்லை. அதற்குப் பூவும் விளக்கும் செபமும் போதும்.

ஆக சொரூபம் ஒருநாளும் ஒரிஷாவின் இடத்தைப் பிடிக்கவில்லை. யொருபா நிலத்திலும் இதே ஒழுங்குதான். அங்கே சாங்கோவின் சக்தி இருந்தது மின்னலோடு விழுந்ததாக நம்பப்பட்ட கற்களில். மரச் சிற்பங்கள் அந்தக் கற்களைச் சுற்றி நின்று அழகும் மரியாதையும் சேர்த்தன. அந்த மரச் சிற்பங்களைக் கப்பலில் கொண்டுவர முடியவில்லை. அவை நின்றிருக்க வேண்டிய இடத்தில் கியூபாவில் சொரூபம் வந்து நின்றது என்று சொன்னால் கூடப் பொருந்தும் என நாங்கள் நினைக்கிறோம். 1880இல் ஸ்பெயினின் ஒலொட் நகரில் தொடங்கிய மாதிரிப் பட்டறைகள் அச்சில் வார்த்த சொரூபங்களை மலிவாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, ஏழை வீட்டிலும் ஆளுயரப் புனிதர் நிற்பது சாத்தியமாயிற்று.

இன்னொண்டு. பெரும்பாலான சந்தேரியா வீடுகளில் தீட்சை எடுக்க வருபவர் ஏற்கெனவே கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றிருக்க வேண்டும் என்று மூத்தோர் எதிர்பார்ப்பார்கள். டிசம்பர் 4ஆம் திகதி பார்பராவின் திருநாளில் காலையில் கோயிலுக்கும் போவார்கள், இரவில் சாங்கோவுக்கு மேளமும் அடிப்பார்கள். 'நீங்கள் கத்தோலிக்கரா, சந்தேரியாவா?' என்று கேட்டால் பலருக்குக் கேள்வியே விளங்காது.

கோப்ரே மாதா ஆருடைய மாதா?

முகமூடிக் கதைக்குப் பின்னால் பேசப்படாத ஒரு எண்ணம் இருக்கு. சொரூபம் வெள்ளைக்காரனின் சொத்து, ஒரிஷா கறுப்பரின் சொத்து எண்டது. கோப்ரே மாதாவின் வரலாறு அந்தக் கோட்டை அழித்துவிடுகிறது.

1612ஆம் ஆண்டளவில் கியூபாவின் கிழக்கே நீப்பே குடாவில் மூன்று பேர் உப்பு எடுக்கப் படகில் போனார்கள். இருவர் ரொத்ரிகோ, ஹுவான் என்ற பூர்வகுடிச் சகோதரர்கள். மூன்றாமவர் ஹுவான் மொரேனோ, சுமார் பத்து வயதுக் கறுப்பு அடிமைச் சிறுவன். கடலில் ஏதோ மிதந்து வந்தது. பறவை என்று நினைத்தார்கள். கிட்டப் போனால், பலகை ஒன்றில் சிறிய மாதா சொரூபம். 'நான் அன்பின் கன்னி' என்று பலகையில் எழுதியிருந்ததாம். இதை இவ்வளவு விபரமாக நாங்கள் அறிவது எப்படி? 1687இல், எண்பத்தைந்து வயதளவில், அதே ஹுவான் மொரேனோ கொடுத்த வாக்குமூலம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தேசத்தின் புனித வரலாற்றுக்கு மூல சாட்சி ஒரு அடிமை.

அந்தச் சொரூபம் போய்ச் சேர்ந்த எல் கோப்ரே ஒரு செப்புச் சுரங்க ஊர். 1670இல் ஸ்பானிய முடி சுரங்கத்தைத் தனதாக்கியபோது அங்கிருந்த அடிமைகள் 'அரச அடிமைகள்' ஆனார்கள். அவர்கள் நிலம் வைத்திருந்தார்கள், வழக்குப் பேசினார்கள், 1731இல் கிளர்ந்தெழுந்தார்கள், கடைசியில் 1800இல் அரச ஆணை மூலம் விடுதலை பெற்றார்கள். அந்தக் காலம் முழுக்க மாதாவின் கோயிலைப் பார்த்துக்கொண்டதும் அந்தச் சமூகம்தான். ஒச்சூன் நதியின், அன்பின், பொன்னிறத்தின் தெய்வம். அவளுடைய உலோகங்களில் ஒன்று செம்பு. செப்பு ஊரின் மாதாவும் அவளும் ஒன்றாகிப் போனதில் வியப்பில்லை.

1915இல் விடுதலைப் போரில் சண்டை பிடித்த முன்னாள் வீரர்கள், அவர்களில் பலர் கறுப்பினத்தவர், இந்த மாதாவைக் கியூபாவின் பாதுகாவலியாக அறிவிக்கும்படி திருத்தந்தைக்கு மனுப் போட்டார்கள். 1916இல் 15ஆம் பெனடிக்ற் அதை ஏற்றுக்கொண்டார். இப்ப சொல்லுங்கோ, இந்தச் சொரூபம் ஆர் ஆருக்குப் போட்ட முகமூடி?

மறைக்கத் தேவை வந்த காலமும் வராத காலமும்

முகமூடிக் கதையில் உண்மையே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1901இன் கியூப அரசியலமைப்பு சமய சுதந்திரம் கொடுத்தது. ஆனால் 'கிறிஸ்தவ ஒழுக்கத்துக்கு' அமைவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1904இல் ஒரு சிறுமியின் கொலை ஆபிரிக்கச் 'சூனியக்காரர்' தலையில் போடப்பட்டு, பத்திரிகைகள் கூச்சல் போட, பொலிசார் வீடு வீடாகப் புகுந்தார்கள். பறிமுதல் செய்த பொருட்கள் சில ஹவானாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குப் போயின. பெர்னாந்தோ ஒர்திஸ் 1906இல் எழுதிய முதல் நூல் இந்தச் சமயத்தைக் குற்றவியலாகத்தான் பார்த்தது. பிறகு அதே ஒர்திஸ் கியூபப் பண்பாட்டில் ஆபிரிக்கப் பங்கை விளக்கும் பெரிய அறிஞரானார் என்பது வேறு கதை. அப்படிப்பட்ட நாட்களில் முன்கூடத்தில் ஒரு மாதா நிற்பது நிச்சயம் உதவியிருக்கும்.

ஆனால் 1959 புரட்சிக்குப் பிறகான காலத்தைப் பாருங்கள். அரசு கடவுள் மறுப்பை ஏற்றது. 1991 வரை சமய நம்பிக்கை உள்ளவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர முடியாது. அந்த நாட்டில் கத்தோலிக்கச் சொரூபம் வைத்திருந்தால் பாதுகாப்பு ஒன்றும் கிடைக்காது, கிடைத்தால் தொல்லைதான். மறைப்பதற்கு உதவாத அந்த முப்பது வருடங்களிலும் பார்பராவும் லாசரும் வீடுகளில் இருந்தார்கள். கடல் கடந்து மயாமிக்கும் நியூயோர்க்குக்கும் போனவர்கள், ஆருக்கும் எதையும் மறைக்கத் தேவையில்லாத இடத்திலும், மூலிகைக் கடைகளில் முதல் தேடி வாங்கியது அதே சொரூபங்களைத்தான். எங்களைப் பொறுத்தவரை முகமூடிக் கதைக்கு இதைவிடப் பெரிய மறுப்பு இல்லை.

'சொரூபத்தைத் தூக்கு'

அதே நியூயோர்க்கில்தான் எதிர்க்குரலும் எழுந்தது. டெட்ரொயிட்டில் பிறந்த வோல்ட்டர் கிங் என்ற கறுப்பின அமெரிக்கர் 1959இல் கியூபாவின் மத்தான்சாஸில் தீட்சை பெற்றார். ஹார்லெமில் கோயில் அமைத்தார். பிறகு அடெஃபுன்மி என்ற யொருபாப் பெயரோடு 1970இல் தென் கரோலினாவில் ஒயோதுஞ்சி என்ற கிராமத்தையே உருவாக்கினார். அவருடைய வழிபாட்டில் கத்தோலிக்கப் புனிதர்களுக்கு இடமில்லை. எங்களைச் சங்கிலியில் கட்டியவனின் முகத்தை எங்கள் தெய்வத்துக்கு ஏன் வைக்க வேண்டும் என்பதே இந்தப் பக்கத்தின் வாதம். நியூயோர்க்கின் கியூப சந்தேரோக்களுக்கு இது பிடிக்கவில்லை. 1983இல் பிரேசிலின் பஹியாவிலும் மாய் ஸ்டெல்லா உட்பட்ட கந்தொம்பிளே தலைவிகள் புனிதர்களையும் ஒரிஷாக்களையும் கலப்பதை நிறுத்த வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள்.

மறுபக்கம் திருச்சபைக்கும் இதே சங்கடம். வரலாற்று ஆதாரம் போதாது என்று 1969இல் பார்பராவைப் பொதுத் திருநாட்காட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். உவமையில் வரும் லாசர் உண்மையான ஆளே இல்லை என்று குருமார் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 1998இல் திருத்தந்தை 2ஆம் ஜோன் போல் கியூபாவுக்குப் போய்க் கோப்ரே மாதாவுக்கு முடி சூட்டினார். மற்றக் கிறிஸ்தவ சபைகளையும் யூதர்களையும் சந்தித்தார். சந்தேரியாவினரைச் சந்திக்கவில்லை.

இரண்டு பக்கமும் கேட்பது ஒன்றைத்தான்: பிரித்துத் தா. ஒரு பக்கம் சுத்தமான ஆபிரிக்கா, மறுபக்கம் சுத்தமான கத்தோலிக்கம். அடெஃபுன்மியின் கேள்வியை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. திருமுழுக்கு கட்டாயத்தில் நடந்தது, சொரூபம் சவுக்கோடு வந்தது. 'எல்லாம் கலந்து அழகாயிட்டுது' என்று அதைப் பூசி மெழுகுவது அநியாயம். அமெரிக்காவில் எல்லாத் தொடர்பும் அறுக்கப்பட்ட ஒரு கறுப்பினத்தவருக்கு வெள்ளை முகம் கொண்ட சொரூபம் காயத்தின் தழும்பாகத் தெரிவதில் நியாயம் இருக்கிறது. அதே நேரம் மத்தான்சாஸில் ஒரு கிழவிக்கு அந்தப் பார்பரா அவளது தாயும் தாயின் தாயும் விளக்குக் கொளுத்திய பார்பரா. அவளிடம் போய் 'இது உன்ர இல்லை, எசமான்ர' என்று சொன்னால், அந்த மூன்று தலைமுறையின் கும்பிடுதலை நாங்கள் எசமானின் கணக்கில் எழுதிவிடுகிறோம். முகமூடிக் கதையில் எங்களுக்கு உறுத்துவதும் இதுதான். அது அடிமைகளைக் கெட்டிக்காரராகக் காட்டுகிறது, உண்மை. ஆனால் அவர்கள் செய்ததை எல்லாம் எசமானின் கண்ணுக்காகச் செய்ததாக்கி விடுகிறது. தங்களுக்காக, தங்கள் கண்ணால் ஒரு சொரூபத்தைப் பார்த்து அதில் எதையோ கண்டுபிடித்திருக்கலாம் என்பதற்கு அந்தக் கதையில் இடமே இல்லை.

ஒவ்வொரு டிசம்பர் 17ஆம் திகதியும் ஹவானாவுக்குத் தெற்கே எல் ரின்கோன் என்ற ஊரில் லாசர் கோயிலுக்கு ஆயிரக்கணக்கானோர் நேர்த்தி தீர்க்கப் போவார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் தொழுநோயாளர் மருத்துவமனை. சாக்குத்துணி உடுத்து, கல்லைக் காலில் கட்டி இழுத்து, முழங்காலில், சிலர் நிலத்தில் உருண்டு வருவார்கள். திருச்சபை அங்கே கொண்டாடுவது ஆயர் லாசரை. மக்கள் கையில் ஏந்தி வருவதோ ஊன்றுகோலும் நாய்களுமான ஏழை லாசரை. அவரைக் கூப்பிடும்போது சிலர் லாசர் என்பார்கள், சிலர் பாபாலு அய்யே என்பார்கள், கனபேர் இரண்டையும் சொல்லுவார்கள். பிள்ளையின் வருத்தம் மாற வேணும் எண்டு வந்த ஒரு தாயிடம் அதில் எது உண்மையான பெயர் எண்டு கேட்கிற உரிமை ஆருக்கு இருக்கு?